பேனாக்கத்தியில் தலை தேய்ந்த ஸ்க்ரூவைக் கழற்றிய கதை

நெல்மணி அளவுகூட இல்லாத ஒரு ஸ்க்ரூவுக்காக ஆன செலவைக் கூட்டிப் பார்த்தால் கத்தியின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. பணத்தைவிட எரிச்சல்தான் அதிகம். "முதல்ல சூடு காட்டு, அப்புறம் திருப்பு" என்று யாராவது முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சலும் இல்லை. எங்கள் பக்கம் இந்த மாதிரிக் கத்திகளைக் கழற்றிப் பழகியவர் யாருமில்லை, கேட்கவும் ஆளில்லை. அதனால் நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன், உங்கள் கையிலும் இப்படி ஒரு கத்தி இருந்தால் உபயோகப்படும்.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு. சொட்டுநீர்க் குழாய் வெட்ட, உர மூட்டை பிரிக்க, கயிறு அறுக்க என்று நாள் முழுக்கக் கத்தி வேண்டும். மச்சான் துபாயிலிருந்து வந்தபோது ஒரு மடக்குக்கத்தி கொடுத்தான், நம்ம காசுக்கு 4,000 ரூபாய் சொன்னான். டி2 எஃகு, கைப்பிடி ஜி10 என்ற கண்ணாடி நார் ரகம். நல்ல கத்திதான், கூர் சீக்கிரம் போகாது. ஆனால் டி2 முழு ஸ்டெயின்லெஸ் கிடையாது. அதில் குரோமியம் 12 சதவீதம் பக்கம் இருந்தாலும், பெரும்பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் போய்விடுவதால் துருவைத் தடுக்க மிச்சமிருப்பது கொஞ்சம்தான். யூரியாத் தூள், தேங்காய் நார்த் தூசி, வேர்வை எல்லாம் சேர்ந்து கத்தி திரும்பும் இடத்தில் பழுப்பு நிறத்தில் கசிய ஆரம்பித்தது, திறந்தால் கரகரவென்று சத்தம். அப்பாவிடம் ஒரு பழைய சுவிஸ் கத்தி இருக்கிறது. விக்டோரினாக்ஸ். அதில் எல்லாமே ரிவெட், ஸ்க்ரூ கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கித் திறந்து மூடி, காயவைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் வேலை முடிந்தது. இதிலும் அப்படிச் செய்து பார்த்தேன், கரகரப்பு போகவில்லை. உள்ளே வாஷருக்கு அடியில் போய் உட்கார்ந்த துருவைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கத்திகளில் இருப்பது ஆறு முனை நட்சத்திர ஸ்க்ரூ. 1967-ல் அமெரிக்காவில் கேம்கார் டெக்ஸ்ட்ரான் என்ற கம்பெனி கொண்டுவந்தது, பெயர் டார்க்ஸ். அதைத் திருப்பும் முனையை நம்ம ஊர் டூல்ஸ் கடையில் 'ஸ்டார் பிட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். பெரும்பாலான கத்திகளில் கைப்பிடியைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் டி6 அல்லது டி8 சைஸ், பிளேடு திரும்பும் நடு ஸ்க்ரூ டி8 அல்லது டி10. என் கத்தியில் கைப்பிடிக்கு டி6, நடுவில் டி8. எண்ணில் ரெண்டுதான் வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். டி6-ன் முனைக்கு முனை அகலம் 1.7 மில்லிமீட்டர், டி8 2.3. தாங்கும் முறுக்கில் டி8-ல் மூன்றில் ஒரு பங்குதான் டி6. அந்தக் குழியின் ஆழம் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. அவ்வளவு சின்ன இடத்தில்தான் மொத்தப் பலமும் போய் விழுகிறது.

180 ரூபாய்க்கு ஒரு பிட் செட் வாங்கினேன். முதல் ரெண்டு ஸ்க்ரூவும் மனசில்லாமல் வந்தன. மூன்றாவதில் 'டக்' என்று ஒரு சத்தம். வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு எடுத்துப் பார்த்தால் பிட்டின் முனைகள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கின்றன, ஸ்க்ரூவின் குழியில் இருந்த ஆறு பல்லில் பாதி இல்லை. வயிற்றைப் பிசைந்தது. பிட் விஷயத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். திருப்புவதற்கு முன்னால் குழியில் வைத்து விரலால் இப்படி அப்படி ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் அதில் டி6 என்று எழுதியிருப்பதை நம்ப வேண்டாம், தூக்கிப் போடுங்கள். அப்புறம் டி8 குழியில் டி7-ம் ஆடிக்கொண்டே உட்காரும், பலர் கத்தியில் பல் போவது அப்படித்தான். குழிக்குள் அழுக்கோ துருவோ இருந்தால் பிட் அடிவரை இறங்காது. அதனால் முதலில் ஊசியால் குழியைச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். இதற்கெல்லாம் காசு ஆகாது.

பல் போனதும் எல்லோர் கவனமும் தலைமேல்தான் போகும். தலையை எப்படிப் பிடிப்பது, எதை உள்ளே விட்டுத் திருப்புவது என்று. எனக்குக் கிடைத்த யோசனைகள் அத்தனையும் அந்த ரகம். ஆனால் வராமல் இருந்ததற்குக் காரணம் தலை இல்லை, உள்ளே மரையில் இருந்த பசை. கத்தி தொழிற்சாலைகளில் ஸ்க்ரூ தானாகக் கழன்றுவிடக் கூடாது என்று மரையில் ஒரு திரவம் விட்டு முடுக்குகிறார்கள். லாக்டைட் என்ற பெயரில் நாம் கடையில் பார்ப்பதுதான். இரும்புக்கு இரும்பு ஒட்டிக் காற்று இல்லாத இடத்தில்தான் அது இறுகும், பாட்டிலில் இருக்கும்போது திரவமாகவே கிடக்கும். லாக்டைட்டில் ஊதா நிறம், 222, சின்ன ஸ்க்ரூக்களுக்கானது, லேசான பிடிப்பு. நீலம், 243, நடுத்தரம், சாதாரண டிரைவரால் கழற்ற முடியும். சிவப்பு, 271, ஏறக்குறைய நிரந்தரத்துக்கு, லாரி எஞ்சின் போல்ட்டுக்கெல்லாம் போடுவது. இந்தச் சிவப்பை டி6 தலை உள்ள ஸ்க்ரூவில் விட்டால் என்ன ஆகும்? பசையின் பிடி தலையின் பலத்தைவிட அதிகம். திருப்பினால் தலைதான் தோற்கும். என் கத்தியில் விட்டிருந்தது சிவப்பு. அது பிறகு கழன்றபோதுதான் தெரிந்தது.

துருவா பசையா என்று கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஸ்க்ரூவைச் சுற்றிப் பழுப்பு வளையம், தலையில் புள்ளி புள்ளியாக அரிப்பு இருந்தால் துரு. அதற்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவைத்தால் பலன் இருக்கும். தலை பளபளவென்று இருந்து அசையவே மாட்டேன் என்றால் அநேகமாகப் பசை. பசைக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. 220 ரூபாய்க்கு வாங்கிய டபிள்யூடி-40 டப்பாவை அடித்து அடித்துக் கைப்பிடி முழுக்க வழவழவென்று ஆனதுதான் மிச்சம், பிட் இன்னும் அதிகமாக வழுக்கியது. இறுகிய பசைக்கு மருந்து சூடுதான். அந்தக் கம்பெனியே தன் விவரத் தாளில் 250 டிகிரி செல்சியஸ் வரை அந்த இடத்தை மட்டும் சூடாக்கி, சூடு இருக்கும்போதே கழற்றச் சொல்கிறது. எனக்கு அந்தத் தாள் கண்ணில் பட்டது எல்லாம் முடிந்த பிறகு.

அதற்குள் ஊரில் உள்ள எல்லா வித்தையும் செய்து பார்த்தாயிற்று. ரப்பர் பேண்டைக் குழிமேல் வைத்து அதன்மேல் பிட்டை அழுத்தித் திருப்புவது: மரத்தில் அடித்த பெரிய ஸ்க்ரூவுக்குச் சரி, டி6 குழியில் ரப்பர் போனால் பிட்டுக்கு இடம் ஏது? பிட்டை உடனடிப் பசையால் குழியில் ஒட்டித் திருப்புவது: பிட் மட்டும் தனியாக வந்தது. அதோடு இந்தப் பசை கொஞ்சம் வழிந்து கத்தி திரும்பும் இடத்துக்குள் போனால் புதுத் தலைவலி, இதைச் செய்யவே வேண்டாம் என்பேன். டூவீலர் மெக்கானிக்கிடம் வால்வு தேய்க்கும் பேஸ்ட் கொஞ்சம் வாங்கி பிட் முனையில் தடவிப் பார்த்தேன், சொரசொரப்பான துகள் இருப்பதால் பிடிப்பு கூடுகிறது என்பது உண்மை. பல் லேசாகத் தேய்ந்த நிலையில் இது நல்ல வழி, முழுக்கப் போன பிறகு பயனில்லை. ஒரு சைஸ் பெரிய பிட்டை, டி7-ஐ, சின்னச் சுத்தியலால் தட்டிக் குழிக்குள் இறக்குவது இருப்பதிலேயே உருப்படியான யோசனை. அதுவே புதுப் பல் வெட்டிக்கொண்டு உட்காரும். ஆனால் சூடு காட்டாமல் திருப்பினேன், சிவப்புப் பசை விடவில்லை, குழி வட்டமானது. இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு முயற்சியும் தலையில் கொஞ்சம் இரும்பைத் தின்றுவிட்டுத்தான் போகிறது. பத்து வழி இருக்கிறதே, ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்று இறங்கினால் மூன்றாவது வழி வரும்போது தலையில் ஒன்றும் மிச்சமிருக்காது.

சரி, தொழில் தெரிந்தவர்களிடம் கொடுப்போம் என்று கோயம்புத்தூர் போனேன். பம்பு, மோட்டார் செய்கிற ஊர், கணபதிப் பக்கம் தெருவுக்கு நாலு லேத் பட்டறை. முதல் பட்டறையில் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இத்துனூண்டு வேலைக்கு நேரமில்லீங்க" என்று கையில் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பட்டறையில் ஒரு பையன் எடுத்தான். ஸ்க்ரூ நடுவில் சின்னத் துளை போட்டு ஈசி-அவுட்டை உள்ளே விட்டுத் திருப்பினான். இடப்பக்க மரை வெட்டிய ஊசி மாதிரியான சாமான் அது, திருப்பத் திருப்ப உள்ளே இறுகிக்கொண்டு ஸ்க்ரூவையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும் என்பது கணக்கு. எட்டு மில்லிமீட்டர் போல்ட்டில் அது வேலை செய்யும். இங்கே ஸ்க்ரூவே எம்2, அதாவது மரையோடு சேர்த்து 2 மில்லிமீட்டர் தடிமன், அதன் மரைக்கு உள்ளே இருக்கும் தண்டு ஒன்றரை மில்லிமீட்டர்தான், அதற்குள் போகிற ஈசி-அவுட் எவ்வளவு ஒல்லியாக இருக்கும் என்று யோசியுங்கள். முனை உடைந்து உள்ளேயே நின்றுகொண்டது. அது கடினப்படுத்திய எஃகு, சாதாரண டிரில் பிட் அதன்மேல் வழுக்கி ஓடும். இப்போது தலை தேய்ந்த ஸ்க்ரூ என்ற ஒரு பிரச்சினை போய், தலைக்குள் ஈசி-அவுட் சிக்கின ஸ்க்ரூ என்ற பெரிய பிரச்சினை. அதற்கும் 250 ரூபாய் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். அப்போது வந்த கோபத்துக்குக் கத்தியை நொய்யலில் வீசியிருப்பேன். மின்பொறியால் இரும்பை அரிக்கிற ஸ்பார்க் மிஷினில் அரித்து எடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார், மரை வெட்டும்போது உள்ளே உடைந்த டேப் என்ற கருவியை அப்படித்தான் எடுப்பார்கள். 1,500 ரூபாய்க்குக் குறைந்து மிஷினில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். விட்டுவிட்டேன்.

அந்தத் தெருக்கோடியில் ஒரு பெரியவர், ஒற்றை லேத்து வைத்துக்கொண்டு தனியாக வேலை பார்க்கிறவர். வாங்கிப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சூடு காட்டுனீங்களா தம்பி?"

"இல்லீங்கண்ணா, எண்ணெய்தான் அடிச்சேன்."

"உள்ளார பசை போட்டிருக்காங்க தம்பி. அத விட்டுப்போட்டுத் தலையவே நோண்டிட்டிருந்தா எப்படி வரும்?"

அவர் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், வீட்டில் செய்யக்கூடியதுதான். முதலில் என்னிடம் கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொன்னார். சென்டர் பஞ்ச் என்ற கூர்முனைக் கம்பியை வைத்துச் சிக்கியிருந்த ஈசி-அவுட் முனைமேல் ஒரே தட்டு. கடினமான எஃகு என்பதால் வளையாமல் நொறுங்கியது, தூளை ஊசியால் கிளறி எடுத்தார். அது கண்ணில் தெறித்தால் கதை வேறு, கண்ணாடி இல்லாமல் கிட்டவே போகாதீர்கள். அப்புறம் ஸ்க்ரூவை வெளியே எடுக்கும் யோசனையையே விட்டுவிட்டு, அதன் தலையை மட்டும் வெட்டினார். ஸ்க்ரூ தண்டின் தடிமனுக்கு, அதாவது எம்2-க்கு 2 மில்லிமீட்டர் டிரில் பிட். குறைந்த வேகம், நல்ல அழுத்தம். ஸ்டெயின்லெஸ்ஸை வேகமாக ஓட்டி மேலோட்டமாகத் தேய்த்தால் அந்த இடம் கெட்டியாகி அப்புறம் பிட்டே இறங்காது. எண்ணெய்க்கு அவர் வைத்திருந்தது தேங்காய் எண்ணெய். நான் சிரித்ததற்கு "உங்க தோப்புக் காய்தான்" என்றார். குழி ஏற்கனவே நடுவில் இருப்பதால் பிட் தானாக நடுவில் நிற்கும். தலையின் கனம் ஒன்றரை மில்லிமீட்டர்தான், அது முடிந்ததும் தலை ஒரு வளையமாகக் கழன்று பிட்டிலேயே ஏறிக்கொண்டது. கைப்பிடித் தகடு லேசாகத் தூக்கியதும் வந்துவிட்டது.

இங்கேதான் விஷயம். தகடு போனதும் உள் இரும்புத் தகட்டில் ஸ்க்ரூவின் மொட்டைத் தண்டு ரெண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் கருகக்கூடியது எதுவும் இல்லை. சால்டரிங் அயன் முனையை அதில் ஒரு நிமிஷம் போல வைத்தார், லேசாக ஒரு நெடி வந்தது, லாக்கிங் பிளேயரால் பிடித்துத் திருப்பினார். ஒரு முனகல்கூட இல்லாமல் வந்தது. மரை முழுக்கச் சிவப்புத் தூள். இத்தனை நாளும் நான் மல்லுக்கு நின்றது இதோடுதான். பெரியவர் 100 ரூபாய் வாங்கிக்கொண்டார், அதையும் வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

மீதி ஸ்க்ரூக்களை வீட்டில் நானே கழற்றினேன். 280 ரூபாய்க்கு 25 வாட் சால்டரிங் அயன், 1,100 ரூபாய்க்கு நல்ல ஜெர்மன் டி6, டி8 டிரைவர் ரெண்டு. முனையை ஸ்க்ரூ தலைமேல் அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வைப்பது, எடுத்ததும் ஆறவிடாமல் டிரைவரை நேராக நிறுத்தி, ஒரு கை முழுக்கக் கீழே அழுத்த, இன்னொரு கையால் மெதுவாகத் திருப்புவது. அழுத்தம்தான் முக்கால் பங்கு, திருப்பல் கால் பங்கு. வரவில்லை என்றால் பலத்தைக் கூட்டாமல் மறுபடி சூடு. கத்தியை வைஸில் துணி வைத்துப் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது, பிளேடை மூடி டேப் சுற்றிவிடுங்கள். எல்லாமே வந்தன, ஒன்றிலும் பல் போகவில்லை.

சூடு என்றதும் கேஸ் அடுப்பையோ லைட்டரையோ காட்டிவிடாதீர்கள். ஜி10 என்பது கண்ணாடி நார் சேர்ந்த எபாக்ஸி, 130, 140 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் போனால் நிறம் மாறி இளகும். கண்ணாடி நார் கலந்த நைலான் கைப்பிடி உருகும். மரம், கொம்பு, எலும்பு எல்லாம் வெடிப்பு விடும். நடு ஸ்க்ரூவில் தீ காட்டுவது எல்லாவற்றையும்விட மோசம். பிளேடு பக்கத்திலேயே இருக்கிறது, இந்த ரகக் கத்தி எஃகுகள் பலவற்றை 200 டிகிரிப் பக்கம்தான் பதப்படுத்தியிருப்பார்கள், அதற்கு மேல் சூடானால் பதம் இறங்கிக் கூர் நிற்காது. சால்டரிங் அயனில் இருக்கும் நன்மை, சூடு ஸ்க்ரூ வழியாக மரைக்கு நேராகப் போகிறது, சுற்றிலும் பரவுவதற்குள் எடுத்துவிடலாம். தலை கைப்பிடிக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் மாடல் என்றால் ஆக்ஸா பிளேடாலோ மெல்லிய அரத்தாலோ ஒரு கோடு வெட்டித் தட்டை டிரைவரால் திருப்பலாம், அதுவும் சூடு காட்டிய பிறகுதான். என் கத்தியில் தலை உள்ளே அமுங்கியிருந்ததால் அதற்கு இடமில்லை.

நடு ஸ்க்ரூவில் ஒரு தொல்லை. திருப்பினால் மறுபக்கமும் சேர்ந்து சுழலும், சுழன்றுகொண்டே இருக்கும், கழலாது. சில கத்திகளில் அந்த ஸ்க்ரூ போய் இறங்கும் உள்குழாயில் ஒரு பக்கம் தட்டையாகச் சீவி அது சுழலாமல் நிறுத்தியிருப்பார்கள், இதில் அப்படி இல்லை. ரெண்டு டிரைவர் வாங்கியது இதற்கும் ஆயிற்று, ஒன்றை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் திருப்பினேன். அந்தப் பக்கம் குழியே இல்லாத வழவழப்பான தலை என்றால், ரப்பர் துண்டு வைத்து வைஸில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திருப்பலாம், பிளேடைப் பக்கவாட்டில் லேசாக நெம்பிக் குழாய்க்கு இறுக்கம் கொடுத்தும் பார்க்கலாம். கழற்றும்போது வெள்ளைத் துணி விரித்துத் தட்டுக்குள் வைத்துக் கழற்றுங்கள். வாஷர் எந்தப் பக்கம் எது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேரிங் உள்ள கத்தியில் குண்டுகள் சிதறினால் அவ்வளவுதான், தேடி எடுக்க முடியாது.

உள்ளே துரு வாஷருக்கு அடியில் மட்டும்தான் இருந்தது, நைஸ் எமரித் தாளில் போய்விட்டது.

வெட்டிய ஸ்க்ரூவுக்கு மாற்று தேடும்போது விட்டத்தோடு மரை இடைவெளியையும் சொல்லி வாங்குங்கள். எம்2 என்றால் 0.4, எம்2.5 என்றால் 0.45. அமெரிக்கக் கத்தி என்றால் அங்குல மரையாக இருக்கலாம், 2-56 என்பார்கள், எம்2 அதில் சேராது, கட்டாயப்படுத்தினால் தகட்டின் மரை போய்விடும். கையால் ரெண்டு மூன்று சுற்று லேசாக இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு டிரைவரை எடுங்கள். லேப்டாப் ரிப்பேர்க் கடைகளில் எம்2 கிடைக்கும், ஆனால் நீளமும் தலை உருவமும் அமைய வேண்டும். ஒரு பாக்கெட் 150 ரூபாய்க்குத் தபாலில் வரவழைத்தேன், நீளம் ஒரு மில்லிமீட்டர் அதிகம், அரத்தில் தேய்த்துக்கொண்டேன். பழைய பசைத்தூளை ஊசியால் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் இறுக்கம் சரியாகத் தெரியாது. பசை போட்டே ஆக வேண்டும் என்றால் ஊதா போதும், நீலமே இந்த சைஸுக்கு அதிகம், குண்டூசி முனையளவு தொட்டு வைத்தால் சரி. நான் நடு ஸ்க்ரூவுக்கு மட்டும் ஊதா வைத்தேன், கைப்பிடி ஸ்க்ரூக்களுக்கு ஒன்றுமே வைக்கவில்லை. டிரைவரின் பின்பக்கத்தை ரெண்டு விரலால் மட்டும் பிடித்து, நின்ற இடத்தில் நிறுத்திக்கொண்டேன். மாசம் ஒருமுறை தொட்டுப் பார்க்கிறேன், இதுவரை எதுவும் தளரவில்லை.